தட்டாத பேச்சு

அப்பாவின் இடது கன்னத்தை மழித்து முடித்து வலது கன்னத்தில் நுரையைத் தடவிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. மகள் ரேஸரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். யாரென்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை. மனிதர் படுத்து நாற்பது நாளாகியும் கொடி கட்டிய கார்கள் இந்தத் தெருவை மறக்கவில்லை.

"அப்பா, இன்னைக்கு யாரும் வேணாம். நான் சொல்லி அனுப்பிடுறேன்."

அப்பா இடது கையிலிருந்த கரண்டியால், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் திரும்பச் சொல்.

தேர்தலில் நிற்பவர்களுக்கும் அவர்கள் மனைவிமார்களுக்கும் மேடையில் பேச முப்பது வருடம் கற்றுக்கொடுத்தவர் அவர். எந்தக் கட்சி என்று கேட்டதில்லை. எதிரெதிராக நின்ற இரண்டு பேரும் ஒரே வாரத்தில் இதே வீட்டில், ஆளுக்கொரு வேளையாக வந்து பயிற்சி எடுத்ததுண்டு. மைக் வாத்தியார் என்றால்தான் ஊருக்குத் தெரியும். மூளையில் ஏற்பட்ட அடைப்பு ஒரே காலையில் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனது. மிச்சம் அந்தக் கரண்டி. நான்கு நாளைக்கு முன்னால் மருத்துவர் வீட்டுக்கு அனுப்பியபோது, "பக்கத்துலயே இருந்து பாத்துக்குங்க" என்றார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

உள்ளே வந்தது வேட்பாளரின் மனைவி, அப்பா படுக்கும் முன்பிருந்தே இங்கே பாடம் கேட்க வருபவள். கட்சி நிறத்தில் உடை, கையில் நான்காக மடித்த தாள்.

"மன்னிச்சிக்குங்க. நாலு மணிக்குக் கூட்டம். முதல் தடவையாத் தனியாப் பேசுறேன். சார் ஒரு தடவை கேட்டுட்டா போதும்."

"அவருக்கு மூச்சே சரியா இல்லீங்க."

கம்பியில் மறுபடி ஒரு தட்டு. தனக்குத்தான் என்று மகளுக்குத் தெரிந்தது. சாகப் போகிற மனிதருக்கும் ஊர்க்கவலைதான். எக்கேடோ கெடுங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் முகத்து நுரையைத் துண்டால் துடைத்தாள். வலது கன்னம் மழிக்காமலே நின்றுபோனது.

அந்தப் பெண் கட்டிலுக்கு எதிரே நிமிர்ந்து நின்றாள். கூட்டத்தின் தலைக்கு மேலே ஒரு புள்ளியைப் பார், முகங்களைப் பார்த்தால் பயம் வரும் என்பது அப்பாவின் முதல் பாடம். அவள் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என் கணவர் எளிமையானவர். குடும்பத்தை உயிராக நேசிப்பவர்..."

டங்.

"என் கணவர் எளிமையானவர்..."

டங்.

ஏழெட்டு முறை அதே வரி. ஏழெட்டு முறை அதே சத்தம். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் ஒரு வாக்கியத்தை யாராவது நிம்மதியாகச் சொல்லி முடித்திருக்கிறார்களா? வாக்கியத்தின் வாலை முழுங்காதே என்று கேட்டுக் கேட்டே அம்மா பாதி வாழ்க்கையைத் தலையாட்டியே ஓட்டிவிட்டுப் போனாள். எட்டு வருடத்துக்கு முன் மகள் கணவன் வீட்டிலிருந்து ஒரு பையோடு இதே வாசலில் வந்து நின்றாள். "இனிமே நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்பா" என்றாள். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "மெதுவாச் சொல்லு. அழுத்தம் 'மாட்டேன்'ல வரணும். அப்பதான் எதிராளி நம்புவான்."

அவள் அதன் பிறகு அதைப் பற்றி அவரிடம் எதுவும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. ஒரே கூரைக்குக் கீழே எட்டு வருடம், காய்கறி, மருந்து, மின்கட்டணம் என்றே பேச்சு ஓடிவிட்டது.

"மேடம், மணி மூணு!" வாசலிலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார்.

"...குடும்பத்தை உயிராக..."

டங்.

"போதுங்க," என்று எழுந்தாள் மகள். "அவரு விட மாட்டாரு. நீங்களாவது விடுங்களேன்."

அந்தப் பெண் தாளைக் கசக்கி எறிந்தாள். "எது சார் தப்பு? நீங்க சொன்ன இடத்துல நிறுத்துறேன், சொன்ன இடத்துல குரலை இறக்குறேன். இன்னும் என்னதான் வேணும்? பொய்யின்னு தெரியுதா? பொய்தான்! அதுக்கு நான் என்ன பண்றது?"

கரண்டி பேசவில்லை.

அவள் திகைத்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"பொண்ணுக்கு ஆபரேஷன் நடந்தப்போ போட்டோக்காரரோட வந்தாரு. அப்பா என்னைப் பாத்துச் சிரிக்கலம்மா, கேமராவைப் பாத்துச் சிரிச்சாருன்னு சொன்னா அவ. ஆறு வயசு அவளுக்கு."

சத்தமில்லை.

"ஆனா ஊருக்குள்ள வெள்ளத் தண்ணி வந்த வருஷம் இந்த ஆளு மூணு நாள் வீட்டுக்கு வரல. அப்போ கட்சியும் இல்ல, கொடியும் இல்ல. நான் வாய்க்கு வந்தபடி திட்டிட்டே இருந்தேன். நாலாம் நாள் வந்தாரு. பாதமெல்லாம் ஊறி வெளுத்துத் தோல் உரிஞ்சிருந்துச்சு. ஒரு வார்த்தை பேசல. அப்படியே தரையில படுத்துத் தூங்கிட்டாரு."

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கரண்டி விரல்களை விட்டு நழுவி விரிப்பில் கிடந்தது. கண்கள் பாதி திறந்து அந்தப் பெண்ணின் பக்கமே இருந்தன. மார்பு அசையவில்லை. மகள் மெல்ல உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் வைத்தாள்.

நிறுத்துங்க என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. இவ்வளவு நேரமும் அவள் சொல்லத் துடித்த சொல். அந்தப் பெண்ணின் கண் கடிகாரத்தை விட்டு இறங்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவுமில்லை.

மகள் வாயை மூடிக்கொண்டாள். அப்பாவின் கையை மட்டும் விடவில்லை.

"அந்த ஆளுக்கு ஓட்டுப் போடுங்கன்னா நான் எந்த மேடையிலயும் சொல்லுவேன். இப்ப இருக்குற ஆளு அவருதானான்னு எனக்குத் தெரியல. ஜெயிச்சா திரும்பி வருவாரா, இல்ல இன்னும் தூரமாப் போயிடுவாரா, அதுவும் தெரியல. தெரியாமதான் உங்க முன்னாடி நிக்கிறேன். அவ்வளவுதான்."

முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"பாத்தீங்களா? சார் தட்டவே இல்ல! வந்த நாள்லேருந்து ஒரு தடவைகூட என்னை முழுசாப் பேச விட்டதில்ல. நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு," என்றாள் மகள். "உட்காருங்க."

"நேரம் ஆச்சுங்க..."

"அப்பா போயிட்டாருங்க."

அந்தப் பெண் அப்போதுதான் பார்வையை இறக்கினாள். கட்டிலையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்ப?"

"நீங்க பேசிட்டிருந்தப்ப."

"சொல்லியிருக்கலாமே! நான் பாட்டுக்கு..."

"முடிச்சிடட்டும்னு இருந்தேன்."

தெருமுனையில் ஒலிபெருக்கி வண்டி திரும்பியது. இன்று மாலை நான்கு மணிக்கு நமது வேட்பாளரின் அன்புத் துணைவியார் உங்கள் முன் மனம் திறந்து உரையாற்றுவார் என்று அறிவித்துக்கொண்டே வீட்டைத் தாண்டிப் போனது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

அந்தப் பெண் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"கட்டிலைச் சமமாக்கணும். கால்மாட்டுல கைப்பிடி இருக்கு. இறுகிக் கிடக்கும், பாத்துச் சுத்துங்க."

மகள் அப்பாவின் தலையை இரண்டு கைகளிலும் தாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் மண்டியிட்டுக் கைப்பிடியைச் சுற்றினாள். தலைப்பக்கம் கிறீச்சிட்டபடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

வாசலில் மறுபடியும் ஹாரன் சத்தம்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள் மகள்.