முதற்சேவல் ஏலம்

மாக்ரெட் டீச்சருக்குப் படிப்பிப்பதில் களைப்பில்லை. பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்ப்பதில்தான் களைப்பு. கொட்டாஞ்சேனையில் இருந்த அந்தக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருசத்துக்கு ஒரு வருத்தம் வரும். ஒரு வருசம் மதில் சரியும், அடுத்த வருசம் கக்கூஸ் அடைக்கும். இந்த வருசம் முதலாம் வகுப்புக் கூரை. ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒரு கார்னிவல், ஒவ்வொரு கார்னிவலுக்கும் ஒரு மாக்ரெட். "உங்களைப்போல ஆருக்குச் செய்ய வரும்?" என்று மற்ற டீச்சர்மார் புகழ்ந்துவிட்டு மெல்ல நழுவிவிடுவார்கள். சுமையைத் தலையில் ஏற்றுவதற்கு முன் சுற்றிவைக்கும் சும்மாடுதான் அந்தப் புகழ்ச்சி என்று அவளுக்கு எப்போதோ விளங்கிவிட்டது. விளங்கி என்ன, சுமை இறங்கவில்லை.

கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு காசு சேர்ப்பதே ஒரு வில்லங்கமாகிவிட்டது. தமிழ் ஆள் ஒருத்தர் லொத்தர்ச் சீட்டோடு வீடு வீடாக ஏறினால், அந்தக் காசு கூரைக்குப் போகிறதா வேறெங்கும் போகிறதா என்று சென்ரியில் காவல் நிற்கிற பொலிஸ்காரனுக்கு எப்படித் தெரியும்? போன வருசம் கிராண்ட்பாஸ் பக்கம் சீட்டு விற்கப் போன இரண்டு தாய்மாரை மத்தியானம் வரைக்கும் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். தலைமை சிஸ்டர் ஐறீன் போய்த்தான் கூட்டிவந்தார்.

அதனால்தான் சிஸ்டர் ஐறீனுக்கு இந்த வருசம் அந்த யோசனை வந்தது. பொலிஸ் பெரிய ஐயாவையே பிரதம விருந்தினராகக் கூப்பிட்டுவிட்டால் என்ன? ஒலிபெருக்கிக்கும் அனுமதி கிடைக்கும், சீட்டு விற்கிறவர்களையும் ஒருத்தரும் மறிக்க மாட்டார்கள். யோசனை நல்ல யோசனை. பெரிய ஐயாவும் மறுக்காமல் ஒத்துக்கொண்டார். சீட்டுகள் ஒரு கரைச்சலும் இல்லாமல் விற்றன. அந்தக் கிழமை முழுவதும் சிஸ்டர் முகத்தில் ஒரு சிரிப்பு.

வெள்ளிக்கிழமை விடியச் சுற்றிவளைப்பு நடந்தது. பெரிய ஐயாவின் பொலிஸ்காரர் லொட்ஜுகளில் ஏறி, அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்த ஆம்பிளைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் ஒருத்தர் இராஜநாயகம். செட்டியார் தெருவில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிற மனிதர். அவருடைய மகள் துளசி மாக்ரெட்டின் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இருந்தும் கொண்டு போய்விட்டார்கள்.

இராஜநாயகத்தின் மனைவி கனகேஸ்வரி அன்று காலையே பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாள். சிங்களம் ஒரு சொல் தெரியாது. கொழும்பில் தெரிந்த முகம் என்றால் மகளின் டீச்சர்தான்.

"ஒரு பாதரோ சிஸ்டரோ வந்து சொன்னால் விடுவினமாம் டீச்சர். பக்கத்து அறை ஆளை அப்பிடித்தான் விட்டவை. ஒருக்கா வாங்கோவன்."

மாக்ரெட் சிஸ்டரிடம் போனாள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இண்டைக்குப் போய் அந்த மனிசன்ர தலையைத் தின்னக் கூடாது மாக்ரெட். ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கட விருந்தாளி. நல்ல மூட்ல இருப்பார். ஏலம் முடிஞ்சு தேத்தண்ணி குடுக்கேக்க நானே கேக்கிறன். அதுதான் நல்லது."

அது சரியாகத்தான் பட்டது மாக்ரெட்டுக்கு. உண்மையைச் சொன்னால், சரியாகப்பட வேண்டும் என்று அவள் விரும்பினாள். இன்றைக்குப் போய் மனிதர் எரிச்சல்பட்டு, அனுமதியையும் ரத்துச் செய்துவிட்டால்? கார்னிவலில் விற்கிற பட்டிஸுக்கு இறைச்சி சொல்லியாகிவிட்டது, கொட்டகைக்காரனுக்கு முற்பணம் கொடுத்தாகிவிட்டது. அதோடு அவளுக்கு உடம்பு முழுக்க அலுப்பு. இன்னொரு வாசலில் போய் நிற்கிற தெம்பு இல்லை. சிஸ்டர் சொன்னதையே கனகேஸ்வரியிடம் தானும் சொன்னாள். சனிக்கிழமை காலை கனகேஸ்வரி மாக்ரெட்டின் வீட்டுக்கே வந்து நின்றபோதும் அதையேதான் சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொறுங்க. அவர் எங்கட ஆள்தான்."

கனகேஸ்வரி அன்றும் பொலிஸ் வாசலுக்குப் போய், சாப்பாட்டுப் பார்சலோடு நின்றுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் முற்றம் நிறைந்தது. மட்டக்குளியிலிருந்தும் தெமட்டகொடையிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்கின குடும்பங்கள், கட்லட் மணம், ஒலிபெருக்கியின் கரகரப்பு. பெரிய ஐயா பொலிஸ் உடுப்பில்லாமல் வெள்ளைச் சேர்ட்டில் வந்தார். அவரோடு வந்த இரண்டு பொலிஸ்காரர் மட்டும் தோளில் துவக்கோடு வாசலில், வளையம் எறிகிற கடைக்குப் பக்கத்தில் நின்றார்கள். அந்தக் கடைக்கு அன்றைக்கு ஒருத்தரும் போகவில்லை.

இந்தப் பள்ளிக்கூடத்துக் கார்னிவலுக்கு உயிரே ஏலம்தான். நேர்த்திக்கடனுக்கென்று சனம் கொண்டுவருகிற வாழைக்குலை, பூசணிக்காய், கேக் எல்லாம் ஏலத்துக்கு வரும். முதலில் வருவது எப்போதும் ஒரு சேவல். ஏலத்தில் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. "அந்தோனியாருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். உடனே அது மறுபடி ஏலத்துக்கு வரும். அப்படியே கை மாறி மாறி, ஒரு சேவல் ஒரு மாட்டின் விலைக்குப் போய், திங்கட்கிழமை மடத்துக் குசினியில் கறியாகும். முதற்சேவலை முதல் ஆளாக எடுத்துக் கொடுத்தால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. அதற்காகவே சனம் முண்டியடிக்கும்.

ஏலம் கூறுவது துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கிற ஒஸ்வால்ட். வாய் என்றால் அப்படி ஒரு வாய். சேவலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தொடங்கினான்.

"அண்ணமாரே, அக்காமாரே! பாருங்க இவர்ட கொண்டைய! மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கார். ஆர் கேக்கிறது?"

முன்வரிசையில் மாலையோடு இருந்த பெரிய ஐயா, விருந்தாளி என்ற மரியாதைக்கு, சிரித்துக்கொண்டு கையை உயர்த்தினார். "பணஹ," என்றார். ஐம்பது ரூபா.

முற்றம் அப்படியே அடங்கிப்போனது.

இதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. சிஸ்டர் யோசிக்கவில்லை, மாக்ரெட்டும் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்துப் பொலிஸைக் கூப்பிட்டவர்களுக்கு, பொலிஸுக்கு மேலே எந்தத் தமிழன் விலை கேட்பான் என்பது மட்டும் தோன்றவில்லை. போன வருசம் தொண்டை கிழியக் கத்தினவர்கள் இப்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சில பேரின் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தடவிப் பார்த்தது. ஒஸ்வால்ட்டுக்கு வியர்த்தது.

"ஐம்பது... ஒருதரம்... ஆரும் இல்லையா? ஐம்பது... ரெண்டுதரம்..."

கூரை போச்சு என்று நினைத்தாள் மாக்ரெட். அழுகை வரவில்லை. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

"நூறு."

பின்னாலிருந்து வந்தது பெண் குரல். சனம் விலகியது. கனகேஸ்வரி துளசியைக் கையில் பிடித்தபடி முன்னுக்கு வந்துகொண்டிருந்தாள்.

பெரிய ஐயா திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. நூற்றைம்பது என்றார். அவள் இருநூறு என்றாள். அவர் முந்நூறு என்றார். அவள் மூச்சு விடாமல் ஐந்நூறு என்றாள்.

தேத்தண்ணி நேரத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. புருசனை விடச் சொல்லிக் கேட்கப்போகிற மனிதரோடு, அதற்கு முன்னால், அத்தனை சனத்துக்கு நடுவில் இவள் போட்டிக்கு நிற்கிறாள்! மாக்ரெட் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"என்ன வேலை பாக்கிறீங்க? அவர் ஆரெண்டு தெரியுமா?"

"தெரியும் டீச்சர். ரெண்டு நாளா அவற்ர வாசல்லதானே நிண்டனான்."

"அப்ப விடுங்க! சிஸ்டர் கேக்கப்போறா. அந்த ஆளக் கோவிக்க வைக்காதீங்க."

"அந்தோனியாருக்கு வாய்விட்டுச் சொல்லிப்போட்டன், முதற்சேவலை நான்தான் எடுத்துக் குடுப்பன் எண்டு. காப்பை வித்த காசு இது. பொலிஸ் கேட்டதெண்டு நேர்த்தியை விடேலுமே?"

பெரிய ஐயா இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கூப்பி, உரக்கச் சிரித்தார்.

"நோனாட்ட தென்ன," என்றார். அந்த அம்மாவுக்கே கொடுங்கள்.

முற்றமே மூச்சு விட்டது. கைதட்டல் கூரையில்லாத வகுப்பு வரைக்கும் கேட்டது. கனகேஸ்வரி சேவலை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி, "அந்தோனியாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். அதோடு சனத்துக்கு வாய் திறந்துவிட்டது. ஒரு பெண் கேட்டுவிட்டாளே, இனி என்ன பயம்? அறுநூறு, எழுநூறு என்று நாலு பக்கமும் கத்தினார்கள். ஒஸ்வால்ட் பழைய ஒஸ்வால்ட் ஆனான்.

பெரிய ஐயா மாக்ரெட்டைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "மே நோனா கவுத, மிஸ்?" யார் இந்த அம்மா?

மாக்ரெட் சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் கண்ணால் "தேத்தண்ணிக்குப் பிறகு" என்று காட்டினார். இந்த ஒரு தடவை மாக்ரெட் அதைக் காணாதது மாதிரி இருந்தாள். பிறந்ததிலிருந்து கொழும்பில் பேசிய சிங்களத்தில், நல்ல சொற்களாகப் பொறுக்கிச் சொன்னாள். எங்கள் பிள்ளை ஒன்றின் தாய். புருசனை வெள்ளிக்கிழமை பிடித்து உங்களிடம் வைத்திருக்கிறீர்கள். பெயர் இராஜநாயகம். பதிவு எல்லாம் சரி. அந்த மனிதருக்குப் பள்ளிக்கூடம் பொறுப்பு.

அவர் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. கோபம் வரவில்லை. அவருக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது போலத்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை பிடித்த ஆட்களை நேற்றுப் பின்னேரம் தெற்கே ஒரு முகாமுக்கு அனுப்பியாயிற்று என்றார். இனி அது தன் கையில் இல்லை, மேலிடம். எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஈயே உதே கிவ்வ நம், மிஸ்." நேற்றுக் காலையில் சொல்லியிருந்தால். "மம அத்தஹரினவா." விட்டிருப்பேனே.

கனகேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். சொற்கள் விளங்காவிட்டாலும் அவர் முகம் மாறினதைப் பார்த்துவிட்டாள்.

"என்னவாம் டீச்சர்?"

பாதியை மட்டும் சொல்லிவிடலாம். மீதியை யார் கேட்கப்போகிறார்கள்? பெரிய ஐயாவுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் நிற்கிறவள் தான் ஒருத்திதான். மாக்ரெட்டுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"நேத்துப் பின்னேரம் அனுப்பிட்டாங்களாம். தெற்குப் பக்கம், ஒரு காம்புக்கு." மீதியையும் சொன்னாள். "நேத்துக் காலம வந்து சொல்லியிருந்தா விட்டிருப்பாராம்."

கனகேஸ்வரி பெரிய ஐயாவைப் பார்க்கவில்லை. மாக்ரெட்டைத்தான் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், இந்தச் சனத்துக்கு முன்னால் தலையில் அடித்துக்கொள்வாள் என்று மாக்ரெட் காத்திருந்தாள். அப்படி ஏதாவது செய்திருந்தால் நல்லது.

"தெற்குப் பக்கம் எண்டா எந்த பஸ் டீச்சர்?" என்று கேட்டாள் கனகேஸ்வரி.

"தனியப் போகேலாது. வழியில எல்லாம் செக்கிங். சிங்களமும் தெரியாது உங்களுக்கு." மாக்ரெட் அவள் கையைப் பிடித்தாள். "நானும் வாறன். இது ஒருக்கா முடியட்டும், நாளைக்குக் காலம..."

நாளைக்கு என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் மாக்ரெட்டின் காதில் விழுந்தது. இதுவும் இன்னொரு "பொறுங்க"தான்.

"நீங்கள் இருங்கோ டீச்சர்," என்றாள் கனகேஸ்வரி. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு, துவக்கோடு நின்ற இருவரையும் தாண்டி வெளியே போனாள்.