இருமலுக்குப் பிறகு வரும் அடி

அப்பாவின் வெள்ளைக் கோட்டுக்குக் கடைசிப் பொத்தானைப் போட ராஜபாய் சவப்பெட்டிமேல் குனிந்தபோது, சபை மூப்பர் டைட்டஸ் நனைந்த வேட்டியோடு உள்ளே வந்தார்.

"போதகர் வரமாட்டாரு மக்கா. நெய்யூர் ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. உங்கப்பா உபதேசியார் பழக்கி வச்ச ஆளு இருக்கான்லா, அவன வச்சு அடக்கத்த நடத்துங்கன்னு சொல்லிவிட்டாரு."

ராஜபாய் பொத்தானைப் போட்டாள். நோயாளி அப்பாவோடு மாசக்கணக்கில் தூங்காதவளுக்கு அதுவே பெரிய வேலையாக இருந்தது. இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும். குழியில் மழைத்தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டும் ஜெபமும் இல்லாமல் அப்பாவை இறக்கிவிடுவார்களோ என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த பயம்.

பழக்கி வைத்த ஆள் செல்வதாஸ். கூரை ஒழுகியதால், வீட்டுக்குள்ளேயே, பெட்டியில் கிடந்த உபதேசியாருக்குக் குடை பிடித்து நின்றான்.

சபைகள் ஒன்றாகச் சேர்ந்த வருஷம், ஒவ்வொரு ஊரிலும் புதிய ஊழியர்களை உருவாக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஞானாபரணம் உபதேசியார் அதைக் கணீரென்று வாசித்து, அன்றைக்கே செல்வதாஸைத் தெரிந்தெடுத்தார். வேதப்புத்தகம் சுமப்பது முதல் பாடம். பிறகு குடை. அவனுக்குக் காதோரம் நரைத்தபோது கோயில் மணியைத் தொட அனுமதி கிடைத்தது. ஜெபம் அடுத்த பாடமாக இருந்தது.

"ஏலே செல்வதாசு, ஆரம்பி."

"உபதேசியார் ஒண்ணும் சொல்லல்லையே."

"அவரு இனி எப்பிடிலே சொல்லுவாரு?"

"ஜெபம் ஈஸ்டர் கழிஞ்சு படிச்சா போதும்னாரு, மூப்பரே."

"எந்த ஈஸ்டரு?"

"அதச் சொல்லல்ல. நீங்க ஜெபிக்கப்பிடாதா?"

"நான் காணிக்கை எடுக்கவனாக்கும்" என்றார் டைட்டஸ்.

அந்தச் சபையில் உபதேசியார் ஓர் அடி சொல்வார், ஜனங்கள் அதைப் பாடுவார்கள். எழுத்துத் தெரிந்தவர்களும் பாட்டுப்புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். முதல் அடி முடிந்ததும் அவருக்கு இருமல் வரும். சபை காத்திருக்கும். ராஜபாய் பித்தளைத் தம்ளரில் வெந்நீர் கொடுப்பாள். குடித்துவிட்டு இரண்டாம் அடி. சுவிசேஷத்துக்கு அவள் செய்த ஊழியம் அதுதான்.

இப்போதும் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அதை அவள் துணியால் கட்டியிருந்தாள்.

"அண்ணே, அந்தக் குடைய இஞ்ச தாங்க."

"உபதேசியார் நனைவாரே."

"அப்பாவுக்கு இனி சளி பிடிக்காது. பாடுங்க."

வெறுங்கையை எங்கே வைப்பதென்று செல்வதாஸுக்குத் தெரியவில்லை. கடைசியில் உபதேசியாரைப்போல முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அடக்கப் பாட்டின் முதல் அடியைச் சொன்னான். அதே இழுப்பு, அதே மூக்கொலி. சபை அப்பாடா என்று பாடியது.

அடி முடிந்தது. செல்வதாஸ் இருமினான். அதுவும் பாட்டில் சேர்ந்தது என்றே அவன் படித்திருந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. சபை காத்திருந்தது. குடையைக் கீழே போட்டுவிட்டு ராஜபாய் எப்போது அடுக்களைக்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. வெந்நீர்த் தம்ளரோடு வந்து, பெட்டியின் தலைமாட்டில் நீட்டிக்கொண்டு நின்றாள். கூரையிலிருந்து ஒரு சொட்டு வெள்ளைக் கோட்டில் விழுந்தது.

அவள் தம்ளரைச் செல்வதாஸ் பக்கம் திருப்பினாள். அப்பாவைத் தவிர வேறு யாரும் வாய்வைக்காத தம்ளர் அது. அவன் மூப்பரைப் பார்த்தான். மூப்பர் மழையைப் பார்த்தார். செல்வதாஸ் குடித்துவிட்டு, இரண்டாம் அடியைச் சொன்னான்.

ராஜபாய் காலித் தம்ளரை வாங்கி, ஒழுகிய இடத்துக்கு நேராக, அப்பாவின் மார்புக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.