தேனீக்களுக்குப் பெண் எடுத்தது

அந்த வசந்தத்தில் இஷ்புலாத்தின் மரங்களில் பிறந்த தேனீக்கள் எல்லாவற்றுக்கும் இறந்துபோன அவன் அப்பாவின் முகம் இருந்தது. யூரல் மலையின் பாஷ்கிர் ஊர்களில் தேனீ குடியிருப்பது உயர்ந்த பைன் மரங்களில் குடைந்த பொந்துகளில். கயிறு கட்டி ஏறிப் பார்த்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள்: அதே தொங்கு மீசை, அதே முறைப்பு. பிறகு இறங்கி வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

இஷ்புலாத்துக்கு முதலில் அது ஆறுதலாகத்தான் இருந்தது. பொழுது சாயும்வரை மரத்தின் மேல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் தேனடைகள் பொத்தலாகிக்கொண்டே வந்தன. ராணி முட்டையிட்ட அறைகளில் பாதி காலி; தேறாதென்று கண்ட புழுக்களை ஈக்களே தின்றுவிட்டன. சில வருஷங்களாகவே ஒவ்வொரு பனிக்காலத்திலும் சில மரங்கள் சத்தமடங்கிப் போயிருந்தன. அப்பா இருந்தவரை மலைமுகட்டில் புகைபோட்டு, அடுத்த பள்ளத்தாக்கில் தேனீ வைத்திருந்த யானிபெக்கின் ஆண் ஈக்களை விரட்டிவந்தார். அந்நிய ரத்தம் கலக்காத ஈ என்பது அவர் பெருமை. உடன்பிறந்தவையே கூடிக்கூடி, ஈக்கள் கடைசியில் அவர் முகத்தில் வந்து நின்றிருந்தன. இப்போது இரண்டு கூடுகள்தான் மிச்சம். ஒன்றில் ராணியும் செத்துவிட்டது.

"சொந்தத்துல ஏழு தலைமுறைக்குள்ள பொண்ணெடுக்கக் கூடாதுன்னு ஆத்தைத் தாண்டி என்னைத் தேடி வந்தீங்க," என்றாள் மனைவி தான்சுலு. "ஈக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதா?"

"வெளி ரத்தம் வந்தா அப்பா முகம் போயிடும்."

"கூடே போயிட்டா முகத்தை எதுல பார்ப்பீங்க?"

பல நாள் அவன் மரமேறிப் பொத்தல்களை எண்ணினான். பிறகு குதிரையில் முகட்டைத் தாண்டினான்.

"உங்கப்பன் எம் பயலுகளைப் புகைபோட்டுத் தொரத்துனாரு. இப்ப நீ பொண்ணு கேட்டு வந்து நிக்கிற!" என்றார் யானிபெக். "மாப்பிள்ளைங்களுக்கெல்லாம் அந்த மூஞ்சியேதானாமே?"

"அதேதான்."

"ஐயோ பாவம், எம் பொண்ணு!" கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, இன்னும் வெளியே பறக்காத ராணி ஒன்றைச் சின்ன மரக்கூண்டில் வைத்துக் கொடுத்தார்.

புது மருமகளுக்குச் செய்வதுபோலத் தான்சுலு வெண்ணெயும் தேனும் வைத்து வரவேற்றாள். ராணி இல்லாத கூட்டில் அது குடியேறியது; வெயிலடித்த ஒரு நாள் வெளியே பறந்து, மற்ற மரத்து ஆண் ஈக்களோடு கூடித் திரும்பியது.

கோடையில் லிண்டன் மரங்கள் பூத்தபோது அடையில் ஒரு பொத்தல் இல்லை. பிறந்தவற்றில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. யார் யாருடைய நெற்றியோ, யாருடைய கன்னமோ. இஷ்புலாத் நாள் முழுக்கத் தேடினான். பொழுது சாய்கையில் ஓர் ஈ அவன் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. யானிபெக்கின் சப்பை மூக்கு. அதற்குக் கீழே அப்பாவின் மீசை. முறைப்பு மட்டும் இல்லை. அவன் கையை அசைக்கவே இல்லை.

அந்தப் பனிக்காலம் முழுவதும் மரத்துக்குள் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. யானிபெக் இப்போது "சம்பந்தி!" என்று தூரத்திலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருகிறார். மரமேறித் தன் மூக்கைப் பார்க்கிறார். இறங்கி வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்.