நூற்றுப் பதின்மூன்றாம் படி

தேவாலயத்து மணிக்கோபுரத்தில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு படிகள். தையல்காரி ஏறும்போது மட்டும் அவை நாளுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டு போயின. முதல் நாள் திங்கட்கிழமை நூற்றுப் பன்னிரண்டு. செவ்வாயன்று நூற்றுப் பதின்மூன்று. அந்தச் சனிக்கிழமை நூற்றுப் பதினேழு. இறங்கும்போது மட்டும், நல்லவேளை, எல்லாரையும் போல அவளுக்கும் நூற்றுப் பன்னிரண்டுதான்.

அவள் இதைக் கணவரிடம் சாப்பிடும்போது சொன்னாள், நூல்கண்டு தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போல. கணவர் பூட்டுக்காரர். முப்பது வருடமாகப் பூட்டுகளைப் பிரித்துப் பார்த்தவர். உள்ளே ஒரு வில்லோ பல்லோ இல்லாமல் எதுவும் அசையாது என்பதுதான் அவர் விசுவாசம். ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து வைத்திருப்பார். அவருக்கு முதலில் வந்த சந்தேகம் மனைவியின் கணக்கின் மேல் அல்ல, அவள் காலின் மேல். போன வருடம் துணிமூட்டையோடு கடை மாடிப்படியிலிருந்து உருண்டு, இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து, நான்கு மாதம் படுக்கையில் கிடந்தாள். கால் நடந்தால் ஒரு வருடம் தினமும் தானே ஏறிக் காலை எட்டு மணிக்குக் கோயில் மணியை அடிப்பதாக ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணிவிட்டாள். அதற்குப் பிறகுதான் டாக்டர், “தாராளமா நடக்கலாம்மா, படி மட்டும் ஏறக்கூடாது” என்றார். டாக்டரைக் கேட்டுவிட்டுப் பொருத்தனை பண்ணியிருக்கலாமே என்று பூட்டுக்காரர் கேட்டதற்கு, “டாக்டர்கிட்டயா பொருத்தனை பண்ணேன்?” என்று கேட்டுவிட்டு அவள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

எண்பத்தொன்பதாம் நாள் பூட்டுக்காரர் ஆராயப் புறப்பட்டார். கொத்தனாரை அழைத்துக் கோபுரத்தை வெளியே கயிறு விட்டு அளந்தார். மணிமேடை வரை அறுபதடி எட்டங்குலம், என்றைக்கும் போல. அவளோ தையல் டேப்பால் ஒவ்வொரு படியையும் அளந்து வந்திருந்தாள்: படி ஆறரை அங்குலம், படிகள் இருநூறு, ஆக நூற்றெட்டடி நாலங்குலம். மறுநாள் அவர் பின்னாலேயே ஏறினார். ஒருவர் மட்டும் போகக்கூடிய சுழல்படி. முன்னால் போனவளின் சேலைத் தலைப்பைப் பார்த்தபடியே நூற்றுப் பன்னிரண்டு எண்ணினார். மணிமேடை வந்துவிட்டது, மனைவியைக் காணவில்லை. கால்மணி நேரம் கழித்து மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

“எங்கடி போன?”

“நான் எங்க போனேன்? உங்க செருப்புச் சத்தம்தான் தலைக்கு மேல கேட்டுச்சு. என்னை எப்பத் தாண்டுனீங்க?”

அவருக்கே தெரியவில்லை. பாஸ்டரிடம் போய்க் கேட்டார். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நானும் ஒரு மாசமா வேதத்துல தேடுறேன் அண்ணே. படி கூடுறதுக்கு ஒண்ணும் கெடைக்கல.”

கோயில் கமிட்டிச் செயலாளருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். எட்டு மணிச் சத்தத்தில்தான் பட்டறைகள் திறந்தன. ஒரு நாள் தவறினாலும் பெட்டியோடு வந்திறங்கியிருந்த மின்மணியை மாட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டு, தினமும் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரி ஏழரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் ஏழேகாலுக்குக் கிளம்பினாள், பிறகு ஏழுக்கு.

இருநூற்றுப் பதினோராம் நாள் அவளுக்குக் காய்ச்சல், முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. பூட்டுக்காரர் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டார். நூற்றுப் பன்னிரண்டே படிகள், பத்து நிமிடம். ஏழு பத்துக்கெல்லாம் மேலே நின்றார்கள். கயிறு ஓடுகிறதா என்று அவள் மெல்ல இழுத்துப் பார்த்தாள். மணி ஆடியது, நாக்கு அடித்தது, சத்தம் வரவில்லை. பூட்டுக்காரர் மணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கயிற்றை அவரே இழுத்தார். பஞ்சுமூட்டையைத் தட்டுவது போல இருந்தது.

“இது என் கணக்கு இல்லங்க” என்று அவள் இறங்கத் தொடங்கினாள். கீழே போய், முதல் படியிலிருந்து முந்நூற்று இருபத்திரண்டையும் தன் காலால் ஏறி மணியை அடித்தாள். சத்தம் வந்தது. செயலாளரின் கடிகாரத்தில் எட்டு இரண்டு. “என் வாட்ச்ல சரியா எட்டு” என்றார் பாஸ்டர். அவர் கையில் வாட்சே இல்லை என்பதைச் செயலாளர் மறுநாள்தான் நினைத்துப் பார்த்தார். அன்று இரவெல்லாம் பூட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி நாளின் படிகள் நானூற்று எழுபத்தாறு. நூற்றுப் பன்னிரண்டைத் தாண்டும் முன்பே அவள் கால் நின்றுவிட்டது, தூக்கினால் எழவில்லை. பின்னாலேயே ஏறி வந்த பூட்டுக்காரர் இம்முறை முதுகைக் காட்டவில்லை. சுவரோடு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ வை. நானும் வைக்கிறேன்.” அவள் வைத்தாள், அவர் வைத்தார். நூற்றுப் பன்னிரண்டு வந்தது. மேடை வரவில்லை. அடுத்து ஒரு படி இருந்தது.

அதில் தையல் சாக்கட்டியால் 113 என்று எழுதியிருந்தது, கீழே ‘தபால்காரர் மகள், பரீட்சை’ என்று இருந்தது. துணி மாறிவிடாமல் இருக்க வெட்டிய துணியில் எண்ணும் ஆளும் எழுதிவைப்பது அவள் தொழில் வழக்கம். அன்றன்று யாருக்காக ஜெபித்தாளோ அவர்களையும் அப்படியே குறித்து வைத்திருந்தாள். 114, ‘கொத்தனார், குடி’. 160, ‘செயலாளர், ரத்தக்கொதிப்பு’. 203, மறுபடியும் செயலாளர். பூட்டுக்காரர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார், அந்த நேரத்தில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். 322இல் ‘அவர் முதுகு’ என்று இருந்தது. அதை மட்டும் அவர் படிக்கவில்லை. அந்தப் படியில் சற்று நேரம் கூடுதலாக நின்றார், அவ்வளவுதான்.

மணி எட்டுக்கு அடித்தது. பொருத்தனை முடிந்தது. மறுநாள் காலை இருவரும் மறுபடி கிளம்பினார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மின்மணிப் பெட்டியைச் செயலாளர் பிரிக்கவே இல்லை, உட்கார வசதியாக இருக்கிறது என்றார். பூட்டுக்கடைப் பலகையில் இருந்த நேரத்தை அழித்துவிட்டு, ‘இறங்கி வந்ததும் திறக்கப்படும்’ என்று சாக்கட்டியால் எழுதியிருக்கிறது. சாவி தொலைத்த அவசரக்காரர்கள் வாசலில் நின்று பக்கத்துக் கடையில் விசாரிப்பார்கள், “இன்னிக்கு எத்தனை?”

நேற்று ஐந்நூற்று நாற்பது.