ப்யோ சார் நீட்டின கிளாஸ்

ஆறு வருஷம்! எங்க மேனேஜர் ப்யோ சாரோட கிளாஸ் காலியான அடுத்த நொடியே ரெண்டு கையாலயும் சோஜு சாராயம் ஊத்தினவன் நான். அவர் எனக்கு ஊத்தினா, மரியாதையா முகத்தைத் திருப்பிக்கிட்டுக் குடிச்சு, மறுநாள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஆபீஸ் போனவனும் நான்தான்.

அந்த மா சுங்பின் என்ன பண்ணினான்? சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகலை. "எனக்கு ஒத்துக்காது சார்"னு பல்லைக் காட்டிட்டு கோலா குடிப்பான். இன்னைக்குக் கம்பெனி விருந்துல அவன் சார் பக்கத்துல. நான் கதவோரம், எல்லாருக்கும் பன்றிக்கறி வாட்டிக்கிட்டு. வயித்தெரிச்சலா இருக்காதா?

புது டீம் லீடர் நானா, அவனான்னு சார் இன்னைக்கே சொல்லிடுவார்னு பேச்சு.

சாப்பாடு பாதியில சார் தன் கிளாஸைக் காலி பண்ணி, அதையே சுங்பின்கிட்ட நீட்டி சோஜு ஊத்தினார். "இன்னைக்கு மட்டும் ஒரு வாய்டா!" தான் குடிச்ச கிளாஸைக் கொடுக்கிறார்னா, கூடப்பிறந்த தம்பியா நினைக்கிறார்னு அர்த்தம். எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை அந்தக் கிளாஸ்.

"சார், நான் வந்து..."ன்னு அவன் இழுத்தான்.

எனக்குப் பொறுக்கலை. எழுந்து ஓடினேன். "குடுடா இங்க! உனக்குப் பதிலா நான் குடிக்கிறேன்." ஒரே மடக்கு.

"கேளு! கேளு!"ன்னு எல்லாரும் மேஜையைத் தட்டினாங்க. ஒருத்தனுக்குப் பதிலா குடிச்சா அவன்கிட்ட ஒண்ணு கேட்கலாம், அவன் மறுக்கக் கூடாது. பாடச் சொல்லுவாங்க, ஆடச் சொல்லுவாங்க.

"என்னண்ணே வேணும்?" சிரிச்சான் பாவி.

"டீம் லீடர் பதவி வேண்டாம்னு சார்கிட்ட இப்பவே சொல்லு."

தட்டின கையெல்லாம் நின்னுபோச்சு.

சுங்பின் முகம் செவந்துருச்சு. "அதை மத்தியானமே சொல்லிட்டேன்ணே. நான் வேலையை விட்டுப் போறேன். உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். சார் கிளாஸ் குடுத்தது என்னை வழியனுப்பத்தான்."

குடிச்சவன் கிளாஸை நிரப்பித் திருப்பிக் கொடுக்கணும். மண்டிபோட்டு, ரெண்டு கையாலயும் ஊத்தி, சார்கிட்ட நீட்டினேன்.

அவர் வாங்கலை.

"உன் பேரைச் சொல்லணும்னுதான்யா இன்னைக்கு எல்லாரையும் கூப்பிட்டேன்"னார். கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டார். "திங்கட்கிழமை வேற யாரையாவது பார்க்கிறேன்."

பெரியவர் கிளம்பினா எழுந்து குனியணும். எல்லாரும் எழுந்து குனிஞ்சாங்க. என்னால எழுந்திருக்கவே முடியலை.