சோடாபுட்டியின் புதுக் கண்

தெருவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏழு வயதில் மூக்கில் ஏறிய கண்ணாடி வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டே போனதில் 'சோடாபுட்டி' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அந்தக் கண்ணாடிகளையெல்லாம் தேய்த்துக் கொடுத்தவள் அவன் அம்மாதான். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸின் ஓரத்தை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு முறை பவர் கூடும்போதும் அப்பா தலையில் கைவைத்துக்கொள்வார். அவள் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். பெற்றவள் படுகிற சந்தோஷமா இது என்று கேட்பீர்கள். அவளுடைய தம்பி பதினெட்டு வயதில் ராணுவத்துக்குப் போனான், இருபது முடிவதற்குள் பெட்டியில் வந்தான். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். இப்போது கேளுங்கள்.

பையனுக்கோ விவரம் தெரிந்த நாளிலிருந்தே மாமா மாதிரி ஆகவேண்டும். சுவரில் சீருடையோடு சிரிக்கும் மாமாவைப் பார்த்துத்தான் தலை வாருவான். பதினெட்டு முடிந்த கையோடு ஆள் எடுக்கும் முகாமுக்கு ஓடினான். அங்கே கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். எழுத்துப் பலகையின் முதல் வரியே அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவன் தட்டில் கைவைக்கவில்லை.

"கண்ணுல லேசர் பண்ணிக்கிட்டா எடுத்துப்பாங்களாம்மா. உனக்குத் தெரியாததா?"

தெரியும். அதற்கு மேலும் தெரியும். கடைக்கு வாடிக்கையாக வரும் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர், தன் பேரனை நினைத்து அவளிடம் புலம்பியிருந்தார். இருபது வயதுக்கு மேல் லேசர் செய்தால் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் செய்துகொண்டவனுக்கு ஆயுசுக்கும் கிடையாது. அவசரக்குடுக்கைப் பேரன் பத்தொன்பதில் செய்துகொண்டு இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

அவள் யோசித்தாள். இரண்டு வருஷம் விட்டால் இவன் சரியான வயதில் செய்துகொண்டு போய்விடுவான், தலைகீழாக நின்றாலும் தடுக்க முடியாது. இப்போதே செய்துவிட்டால் கதவு ஒரேயடியாகச் சாத்திக்கொள்ளும்.

"பண்ணிடலாம்டா. இந்த மாசமே பண்ணிடலாம்."

வீடே வாயைப் பிளந்தது. கண் டாக்டர்கூட, "பவர் இன்னும் மாறலாம்மா, ரெண்டு வருஷம் பொறுக்கலாமே" என்றார். அவள் பிடித்த பிடியை விடவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்த அன்று, மிளகாய்த்தூளை அப்பியதுபோல் எரிகிறதென்று துடித்தான். இரண்டு கண்ணிலும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி, சுற்றிலும் பிளாஸ்திரி. ஜன்னலில் அப்பா போர்வையைத் தொங்கவிட்டார். டிவி கூடாது என்பதால் அதன் பிளக்கையே பிடுங்கிவிட்டார்கள்; உலகத்தில் என்ன நடக்கிறது என்று அந்த வீட்டுக்கு ஒரு மாதம் தெரியாது. அவள் கடைக்கு லீவு போட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவன் தலையை மடியில் வைத்து, கீழ் இமையை இழுத்துச் சொட்டு மருந்து விடுவாள். மருந்து விழுவதற்கு முன்பே மிரளுவான்.

"ராணுவத்துக்குப் போறவன் ஒரு சொட்டுக்குப் பயப்படறான், பாரு."

"குண்டுன்னா பயமில்லம்மா. இது எரியுது."

அவள் அடுத்த கண்ணின் இமையை இழுத்துப் பிடித்தாள்.

சில நாளில் மூடியை எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குள்ளேயே நடந்தான். விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்றான். ஒருநாள் மருந்து விட மடியில் சாய்த்தபோது அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

"மூக்குல மச்சம் இருக்காம்மா உனக்கு?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து இருக்குடா, சோடாபுட்டி."

விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "நீ ஒருத்திதாம்மா எனக்காக நின்ன" என்றான். அவள் விட்ட மருந்து கண்ணில் விழாமல் கன்னத்தில் வழிந்தது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் பையன் உயிரோடு இருப்பான். கோபித்துக்கொண்டாவது இருக்கட்டும்.

மறுபடி முகாம் கூடியதும் அவளும் கூடவே போனாள். வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஆறுதல் வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டாள். கடை முதலாளியிடம் அவனுக்கு ஒரு வேலைக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தாள்.

அவன் ஓடி வந்தான். வந்த வேகத்தில் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான்.

"எடுத்துட்டாங்கம்மா! டாக்டர் விளக்கடிச்சுப் பாத்தாரு, எந்த வயசுல லேசர் பண்ணினேன்னாரு. பதினெட்டுன்னேன். இருபது ஆகலைன்னா சேக்க மாட்டாங்கன்னு ஒரு சட்டம் இருந்துச்சாம்! எனக்கு உயிரே போச்சு. எல்லையில சண்டை ஆரம்பிச்சதுல ஆள் பத்தலையாம். போன வாரந்தான் அதை எடுத்தாங்களாம்."

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"பலகையில கடைசி வரி வரைக்கும் படிச்சேன். இவ்ளோ கூர்மையான கண்ணை வீணாக்கக் கூடாதுன்னு, குறி பாத்துச் சுடற பிரிவுக்கு எழுதிட்டாரு. திங்கக்கிழமை ரயில்."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தான். தூரத்துக் கடைப் பலகைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். அந்தத் தடித்த கண்ணாடி மூக்கில் இருந்திருந்தால் எந்த ராணுவமும் இவனைச் சீந்தியிருக்காது. இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் சண்டையே ஓய்ந்திருக்கலாம். சாவுக்கு இவனைத் தயார் பண்ணிக் கொடுத்தது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"நீ பண்ணினதைச் செத்தாலும் மறக்க மாட்டேம்மா" என்றான்.

அந்த வார்த்தையை அவளால் தாங்க முடியவில்லை.

"உனக்காகப் பண்ணலடா. அந்தச் சட்டம் எனக்குத் தெரியும். உன்னை எடுக்கக் கூடாதுன்னுதான் அவசரமா பண்ண வச்சேன். போகாதடா. உன் கால்ல விழறேன்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு எழுந்துபோய், முன்னால் டிரைவருக்குப் பின்னே காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டான். திங்கட்கிழமை வரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை அப்பாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பிப் போனான்.