மலிவு நேரம்

அற்புதராணியின் அந்தியேட்டிக் கிரியை முடிந்து கீரிமலையிலிருந்து திரும்பியவர்கள் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் மச்சாள் சுபாஜினி கேதீஸ்வரனிடம் அதைக் கேட்டாள். முப்பத்தொரு நாளாக ஊர் முதுகுக்குப் பின்னால் கேட்டதை அவள் முகத்துக்கு நேரே கேட்டாள், அவ்வளவுதான்.

"அத்தான், வாசலிலை கார் நிண்டது. பிறகேன் அக்காவை ஓட்டோவிலை கொண்டு போனனீங்கள்?"

கேதீஸ்வரன் துவாயால் கையைத் துடைத்தார். "கை நடுங்கிப்போச்சு சுபா. என்னாலை ஓடேலாமல் போச்சு."

சுத்தப் பொய். அவர் கை நடுங்கவில்லை. கரண்டில் ஓடும் அந்தக் காரில் ஒன்பது வீதம்தான் சார்ஜ் இருந்தது.

லண்டனில் இருக்கும் மகள் சாருஜா போன வருடம் வந்தபோது காருக்கு ஒரு சார்ஜரைச் சுவரில் பூட்டுவித்தாள். இரவு பத்தரைக்குப் பிறகு கரண்ட் மலிவு. பின்னேரம் வயரைச் செருகிவிட்டால் பத்தரைக்குத் தானாகத் தொடங்கி, விடியுமுன் கார் நிரம்பிவிடும். நேரத்தை அவள்தான் போனில் குறித்துக் கொடுத்தாள். அதை மாற்றுகிற வித்தையை அவர் படிக்கவில்லை. மாற்றவேண்டி வரும் என்று நினைக்கவுமில்லை. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அதன் கெட்டித்தனத்தைச் சொல்லிப் பெருமைப்படுவார். "கரண்ட் மலிவெண்டால் இந்த மனிசன் சாமத்திலை எழும்பி இடியப்பமும் அவிக்கும்" என்று மனைவி அற்புதராணி சிரிப்பாள்.

அன்றைக்குப் பருத்தித்துறைக்கு ஒரு கலியாணவீட்டுக்குப் போய் நாலு மணிக்குத் திரும்பினார்கள். அவர் வழமைபோல வயரைச் செருகினார். ஏழு மணிக்கு அற்புதராணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிந்தாள். ஓடிப்போய்க் காரைப் பார்த்தால் அதே ஒன்பது. மூன்று மணித்தியாலம் வயரோடு நின்றும் அது பத்தரைக்குக் காத்திருந்தது. போனில் அங்கே இங்கே அமத்திப் பார்த்தார். எதை அமத்தினாலும் பத்தரை என்றே காட்டியது. பற்றரியோ பழசு, ஒன்பதோடு வெளிக்கிட்டால் இடைவழியில் படுத்துவிடும். சந்தியிலிருந்து ஓட்டோ வர அரை மணித்தியாலம் சென்றது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், கோப்பாய் தாண்டும்போது அவள் அவருடைய கையை விட்டுவிட்டாள். "கொஞ்சம் முந்தி வந்திருந்தால்" என்று தொடங்கிய டொக்டர், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கதிரையை இழுத்துவிட்டார்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? வாசலில் காரை வைத்துக்கொண்டு பெண்சாதியைச் சாகவிட்ட பயந்தாங்கொள்ளி என்று சொல்லட்டும். பிள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாது. தான் குறித்துக் கொடுத்த நேரம்தான் அம்மாவைக் கொண்டுபோனது என்று ஒருதரம் நினைத்தாளென்றால் ஆயுளுக்கும் அவளுக்கு நித்திரை வராது. அந்தப் பாரம் அவளுக்கு வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

சொந்தக்காரர் போய் வீடு அடங்கியபின், லண்டனுக்குத் திரும்பச் சூட்கேசை அடுக்கிக்கொண்டிருந்த சாருஜா விறாந்தைக்கு வந்தாள்.

"அப்பா, அண்டைக்குக் காரிலை சார்ஜ் எவ்வளவு இருந்தது?"

"ஆஸ்பத்திரிக்குப் போகக் காணுமான அளவு இருந்தது பிள்ளை. எனக்குத்தான் கை நடுங்கிப்போச்சு."

"ஓமப்பா" என்றாள். பிறகு முற்றத்தில் இறங்கிக் காரடிக்குப் போனாள்.

அவர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடினார். வயரைச் செருகும் சத்தம் கேட்டது. கொஞ்சத்தில் கார் மெல்ல இரையத் தொடங்கியது. கண் திறந்து மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறே முக்கால். கரண்ட் விலை உச்சத்தில் நிற்கிற நேரம்.

எழும்பிப் போனார். சாருஜா படியில் குந்தியிருந்தாள், மடியில் போன். காரை வயரில் போடும்போதெல்லாம் எத்தனை வீதம், எப்போது தொடங்கும் என்று அவளுடைய போனுக்கும் செய்தி போகும் என்று அவளே ஒருமுறை சொன்னது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் போயிருக்கும். அந்த ஒன்பதை லண்டனில் இருந்தபடி அவள் பார்த்திருப்பாள்.

அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் குந்தி அவள் முதுகில் கையை வைத்தார். இப்போதுதான் அந்தக் கை நடுங்கியது. மகள் போனில் சார்ஜை நிறுத்தவில்லை, அவரும் வயரைக் கழற்றவில்லை. எங்கேயும் போகவேண்டியில்லாத அந்தக் கார் அவர்களுக்கு முன்னால் நிரம்பிக்கொண்டிருந்தது.